கட்டிய நாயும் பித்தளைத் தகடும்: சிரைவழி ஊசியின் தொடக்கம் குறித்து ஒரு மறுவாசிப்பு

சிரைவழி மருந்து செலுத்தும் முறையின் வரலாறு, ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டபர் ரென்னும் ராபர்ட் பாயிலும் நாய்கள் மீது நடத்திய சோதனைகளிலிருந்து தொடங்குகிறது. அவ்வரலாற்றை இன்றைய வடிவில் நமக்குக் கையளித்தவர்களுள் முதன்மையானவர் ராயல் சொசைட்டியின் செயலர் ஹென்றி ஓல்டன்பர்க். ‘ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ இதழில் 1665 டிசம்பரில் வெளியான அவருடைய குறிப்பில் மருந்து உண்டு, விளைவும் உண்டு. திமிறும் நாயை அடக்கிய பாடு மட்டும் இல்லை. அந்தப் பாடே முதல் கருவியின் வடிவத்தைத் தீர்மானித்தது என்பது என் வாதம்.

ஓல்டன்பர்க்கின் நோக்கம் வெளிப்படையானது. கடல் கடந்த நாடுகளில் அச்சான நூல்கள் இக்கண்டுபிடிப்பை வேறு யாருக்கோ உரிமையாக்குகின்றன என்பது அவர் முறையீடு. சிரைவழி மருந்தேற்றுதல் பற்றி ஜெர்மானிய மருத்துவர் யோஹான் டானியல் மாயோர் எழுதிய நூல் 1664இலேயே வந்துவிட்டது. முந்தியவர் ரென்தான் என்று நிறுவ யோசனை, சாட்சி, பலன் ஆகிய மூன்றும் போதும். ஆகவே, பின்காலில் பெரிய நாளங்கள் எளிதில் பிடிபடும் இடத்தில் மருந்து செலுத்தப்பட்டது. அபின் ஏறிய நாய் மயங்கியும் சாகவில்லை. ஆண்டிமனி சேர்ந்த வாந்தி மருந்து மிகுதியாக ஏறிய வேறொரு நாய் செத்தது என்று சுருக்கமாக முடித்துவிடுகிறார்.

பாயில் 1663இல் வெளியிட்ட நூலோடு இதை ஒப்பிட்டால் ஒன்று புலப்படும். பின்கால் பற்றிய தொடர் ஏறக்குறைய அப்படியே அங்கிருந்து வந்தது; மூலத்தை அருகில் வைத்தே எழுதியிருக்கிறார். ஆனால் அத்தொடருக்கு அடுத்து மூலத்தில் நிற்கும் பித்தளைத் தகட்டை விட்டுவிட்டார். அரை அங்குலத்துக்குச் சற்று மேல் நீளம், கால் அங்குல அகலம். பக்கங்கள் உள்வளைந்து கட்டைவிரல் நகத்தை ஒத்திருக்கும். மூலைகளில் நான்கு சிறு துளைகள்; அவற்றில் நூல் கோத்து நாளத்தோடு தகட்டைக் கட்டுவார்கள். நடுவே நீளவாக்கில் ஒரு திறப்பு. சிரை விலகி ஓடாமல் கத்திக்கு எதிரே நிற்பதற்கு அது. பிறகு சிரையைக் கீறிப் பீச்சுக்குழலின் மெல்லிய குழாயை நுழைத்து, மதுவில் கரைத்த வெதுவெதுப்பான அபினைச் செலுத்தினார்கள். நாயின் கடுந்திமிறலை வென்றே இது முடிந்தது என்று பாயில் தெளிவாகவே எழுதுகிறார்.

விவரம் வேண்டுவோர் பாயிலைப் பார்க்கட்டும் என்று ஓல்டன்பர்க் சுட்டியிருக்கிறாரே, இதைக் குறையாகச் சொல்லலாமா? சொல்லலாம். சுருக்குபவர் எதை இன்றியமையாததாகக் கருதுகிறார் என்பதே அவருடைய வாசிப்பு. மருந்தை முன்னிறுத்தித் தகட்டைத் துணைப்பொருளாக்கியது அவ்வாசிப்பு. நான் தலைகீழாகப் படிக்கிறேன்: கட்டியும் நாய் அடங்கவில்லை, எனவே நாய்க்குப் பதிலாகச் சிரையை அடக்கினார்கள். கால் உதறினாலும் நாளத்தோடு சேர்ந்து தகடும் நகரும். திறப்பு சிரையைவிட்டு விலகாது. அடங்கிக் கிடக்கும் நாயிலும் சிரை வழுக்குமே என்ற மறுப்புக்கு இடமுண்டு. தகடு திமிறலுக்காகவே செய்யப்பட்டது என்று பாயில் எங்கும் கூறவில்லை. இரண்டும் ஒரே விவரிப்பில் அடுத்தடுத்து வருவதே என் சான்று.

காலமும் தீர்ந்தபாடில்லை. பொதுவாகச் சொல்லப்படும் 1656, ரென் தம் நண்பர் வில்லியம் பெட்டிக்கு எழுதிய கடிதத்தோடு ஒட்டிய ஆண்டு. அக்கடிதத்தில் ஒயினும் ஏல் பீரும் விளைவோடு வருகின்றன; அபின் பெயரளவில் மட்டுமே வருகிறது. ஓல்டன்பர்க்கோ, ரென் யோசனை சொல்லிக் குறைந்தது ஆறு ஆண்டுகள் ஆயின என்கிறார்; அது 1659க்குப் பிந்தாது என்பதற்கு மேல் எதையும் நிறுவாது. கடிதத்தில் உள்ளதையும் பாயில் விவரிக்கும் அபின் சோதனையையும் ஒன்றாக்கி 1656 என்று முத்திரை குத்துவது அவசரம்.

அன்று கட்டு முதலில், மயக்கம் பிறகு. அவிழ்த்துவிட்டதும் தள்ளாடிய நாய் உறங்கிச் செத்துவிடாதிருக்கத் தோட்டத்தில் அடித்து ஓட்டினார்கள். இவ்வரிசை மாற, தோலைத் துளைத்து மருந்தேற்றும் ஊசி 1850களில் வரவேண்டியிருந்தது. விலங்குகளை மயக்கி அடக்கும் மருந்தான சைலசீன் 1962இல் உருவானது. அதே வகையைச் சேர்ந்த மெடிடோமிடின் அதற்குப் பின்னர். இன்று கடிக்கும் நாய்க்கு வாய்க்கட்டு போட்டுத் தொடைத் தசையில் மயக்க ஊசி குத்துகிறார்கள். அடங்கிய பிறகே முன்கால் சிரையில் வென்ஃப்ளான் என்னும் மெல்லிய குழாய் ஏறுகிறது.

இம்மாற்றத்தால் தகட்டின் வேலை ஒழிந்துவிடவில்லை. மெடிடோமிடின் நாயை அடக்கும்போதே புற நாளங்களைச் சுருக்குகிறது. சிரை தட்டுப்படுவது கடினமாகிறது. மற்றோர் அமைதிப்படுத்தும் மருந்தான அசிப்ரோமசீன் நாளங்களை விரிக்கிறது; ஆனால் ரத்த அழுத்தத்தை இறக்கும், மூர்க்கமான நாயிடம் அதை மட்டும் நம்பவும் முடியாது. உதவியாளர் முழங்கைக்குக் கீழே கட்டைவிரலால் சிரையை அழுத்திச் சற்று வெளிப்புறம் திருப்பிப் பிடிப்பது ரத்தம் தேங்கிச் சிரை புடைக்க மட்டுமன்று, அது நழுவாதிருக்கவும்தான். நாயை அடக்குவதும் சிரையை அடக்குவதும் வெவ்வேறு சிக்கல்கள். முதலாவதை மருந்து ஏற்றுக்கொண்டது, இரண்டாவது கையிடமே இருக்கிறது. மருந்துகளின் வரிசையாக மட்டுமே எழுதப்படும் வரலாற்றில் இந்த இரண்டாவதற்கு இடமிராது.