இருக்கைக்கும் கால்மிதிக்கும் நடுவே: புல்லட்டும் நெடிய உருவமும்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் பழைய சாலையில் சிறுசேரியைத் தாண்டியதும், கேளம்பாக்கத்துக்குச் சற்று முன்பாக அமைந்துள்ள படூர், மோட்டார் சைக்கிள் தொழிலால் பெயர் பெற்ற ஊர் அன்று. ஆயினும் வடக்கே திருவொற்றியூர், மேற்கே ஒரகடமும் வல்லம் வடகாலும் என அத்தொழிலின் முக்கியமான தளங்கள் மூன்றும் சூழ்ந்த வட்டாரத்தில், தொலைதூரம் வண்டியோட்டுவோர் விரும்பித் தெரிந்தெடுக்கும் மாமல்லபுரச் சாலைகள் இரண்டில் ஒன்றின் மேலேயே அது இருக்கிறது. மற்றொன்றான கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்தில் எட்டிப் பிடிக்கலாம். இவ்வட்டாரத்தில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக உருவாகியும் ஓடியும் வரும் வண்டிகள் எந்த உடலளவை மனத்தில் கொண்டு செய்யப்பட்டன, அவ்வளவை மீறிய உயரம் உடையவர்கள் அவற்றைத் தமக்கேற்ப எப்படி மாற்றிக்கொண்டார்கள் என்பது, எஞ்சின் திறனையும் விற்பனையையும் மட்டுமே பேசும் தொழில் வரலாறுகளில் இடம்பெறாமல் போன செய்தியாகும்.

வண்டியில் அமரும் உடலை மூன்று புள்ளிகள் தாங்குகின்றன: இருக்கை, ஃபுட்ரெஸ்ட் எனப்படும் கால்மிதி, ஹேண்டில்பாரின் கைப்பிடி. இம்மூன்றையும் இணைத்து வரையும் முக்கோணமே ஒருவர் நிமிர்ந்து அமர்வாரா, குனிந்து அமர்வாரா, முழங்கால் எவ்வளவு மடங்கும் என்பவற்றைத் தீர்மானிக்கிறது. விற்பனையாளர்கள் ஒரு வண்டியின் உயரத்தைச் சொல்லும்போது இருக்கைக்கும் தரைக்கும் உள்ள தொலைவையே சொல்கிறார்கள். அது வண்டியை நிறுத்தும்போது கால் ஊன்ற வேண்டிய குள்ளமானவருக்குப் பெரிதும் பயன்படும் அளவு. நெடியவருக்கோ இருக்கைக்கும் கால்மிதிக்கும் உள்ள தொலைவுதான் உயிர்நிலை, ஏனெனில் அது குறையக் குறைய முழங்கால் மேலெழுந்து கூர்மையாக மடங்கி, தொடை இருக்கையில் படாமல் தூக்கி நின்று, உடலின் பாரம் முழுவதும் இடுப்பெலும்பின் கீழ் நுனியில் இறங்கிவிடும். அந்த அளவு எந்த விளம்பரத்தாளிலும் காணப்படுவதில்லை.

தமிழ்நாட்டில் இந்த முக்கோணத்தின் முதல் வடிவம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்து வந்தது. எல்லைக் காவலுக்கென 1950-களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் ராயல் என்ஃபீல்டு புல்லட் 350 வண்டிகளை வாங்க, அவற்றை இறக்குமதி செய்த மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச் நிறுவனமும் 1955-இல் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் முதலில் பாகங்களைக் கோத்து வண்டியாக்கும் பணி நடைபெற்று, படிப்படியாகப் பாகங்களும் இங்கேயே செய்யப்பட்டன. வரைபடங்கள் அப்படியே வந்தன. அவற்றோடு, ஆங்கிலேய ஆணின் உடலளவுக்கு வகுத்த சேசிஸும், அதாவது வண்டியின் சட்டகமும், வந்தது. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்ட பின்னும் அந்த அளவுகள் திருவொற்றியூரில் நிலைத்திருந்தன என்பதும், 1977 முதல் அதே வண்டி இங்கிருந்து பிரிட்டனுக்கே ஏற்றுமதியாயிற்று என்பதும் கருதத்தக்கவை. நெடியவருக்கு இந்நாட்டில் ஓரளவு வசதியான வண்டி கிடைத்தது யாரும் அவரை எண்ணித் திட்டமிட்டதால் அன்று, பழைய வரைபடம் மாறாமல் இருந்ததால்தான்.

அக்காலத்துப் பிரிட்டனிலேயே இதற்கு வேறொரு வழி இருந்தது. ஸ்டீவனேஜ் நகரில் பிலிப் வின்சென்டும் பில் இர்விங்கும் உருவாக்கி 1946-இல் வெளியிட்ட வின்சென்ட் ரேப்பிட் வண்டியின் பி வரிசையில் கால்மிதி, பிரேக் மிதி, கியர் மிதி ஆகியவற்றை ஓட்டுபவரின் கால் நீளத்துக்கு ஏற்ப நகர்த்தி அமைக்க முடிந்தது. உடலுக்கு வண்டி பொருந்த வேண்டும் என்ற கொள்கையை இவ்வளவு தெளிவாக இரும்பில் செய்து காட்டிய வண்டி அந்நாளில் அரிது. விலை மிகுந்த அவ்வண்டியின் உற்பத்தி 1955-இல் நின்றுபோயிற்று. சென்னையில் என்ஃபீல்டு இந்தியா பிறந்ததும் அதே ஆண்டில்தான்.

பழைய புல்லட்டில் எண்ணெய்த் தொட்டியின், அதாவது பெட்ரோல் டேங்கின், இரு பக்கங்களிலும் முழங்கால் அணைத்துக்கொள்ள ரப்பர் பட்டைகள் பதிக்கப்பட்டிருந்தன. ஓட்டுபவரின் முழங்கால் எங்கே வர வேண்டும் என்று வடிவமைத்தவர்கள் எண்ணினார்கள் என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை. நடுத்தர உயரத்தவரின் முழங்கால் அப்பட்டையில் சரியாகப் பொருந்த, ஆறடியைத் தாண்டியவரின் முழங்கால் அதற்கு மேலேயோ முன்னேயோ போய் நின்றது. எனினும் கால்மிதி மிகவும் பின்னே தள்ளப்படாமலும் கைப்பிடி உயரமாகவும் இருந்ததால் முதுகு நிமிர்ந்திருந்தது. ஆண் காவலர் தேர்வில் பெரும்பாலான பிரிவினருக்குக் குறைந்தது 170 செ.மீ. உயரம் கேட்கும் காவல்துறையும், ராணுவமும் இவ்வண்டியைத் தொடர்ந்து பயன்படுத்தியதால், புல்லட் என்றாலே வாட்டசாட்டமான ஆள் ஓட்டும் வண்டி என்ற எண்ணம் மக்களிடம் ஊன்றியது.

1985 அளவில் நிலைமை மாறியது. ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 முதலிய ஜப்பானியத் தொழில்நுட்ப வண்டிகள் அப்போது சந்தைக்கு வந்தன. எடை குறைந்து, பெட்ரோல் மிச்சப்படுத்திய அவ்வண்டிகளின் சட்டகமும் சுருங்கியிருந்ததால், சராசரி உயரத்தவருக்கு அவை பெரும் விடுதலையாக அமைந்தன. நெடியவருக்கோ வண்டியைத் திருப்பும்போது ஹேண்டில்பாரின் முனை முழங்காலில் இடித்தது. இத்தலைமுறையில்தான் இருக்கையை உயர்த்தித் தருவது பட்டறைக் கைவினையாக வளர்ந்தது.

சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் புதுப்பேட்டையும் வாகன உதிரிபாகங்களுக்கும் சீட் கவர் வேலைக்கும் பெயர் பெற்றவை. அதே வேலையைச் செய்யும் சிறு கடைகள் புறநகர்ச் சாலைகளிலும் பரவின. அவ்வேலையின் நுட்பம் எளிதில் புலப்படுவதன்று. ரெக்சினைக் கழற்றியதும் கீழே தகரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன அடித்தட்டும், அதன் மேல் ஃபோமும் இருக்கும். அந்த ஃபோமின் மேல் இன்னொரு மெத்தென்ற ஃபோமை ஒட்டிவிட்டால் முதல் நாள் சுகமாக இருந்து, பிறகு அமுங்கிப் பழைய உயரத்துக்கே திரும்பிவிடும். ஆகவே தேர்ந்த கைவினைஞர் கெட்டியான ஃபோமை அடியிலும் மென்மையானதை மேலும் வைத்து, முன்பகுதியைக் கத்தியால் இருபுறமும் சீவி ஒடுக்குகிறார். உயரம் கூடினாலும் கால் ஊன்றுவதற்குத் தொடை விரிய வேண்டியதில்லை என்பதே அதன் பயன். இதனினும் முக்கியமானது, ஓட்டுபவர் இடத்துக்கும் பின்னிருப்பவர் இடத்துக்கும் இடையிலுள்ள படியைக் குறைப்பது. அந்தப் படிதான் நெடியவரைப் பின்னே நகரவிடாமல் தடுத்து டேங்கோடு நெருக்குகிறது. அதைச் சமப்படுத்திவிட்டால் இருக்கையை அதிகம் உயர்த்தாமலேயே முழங்காலுக்கு இடம் கிடைத்துவிடும். பொறியியல் நூல் எதையும் பாராமல், வண்டியின் மேல் ஆளை உட்காரவைத்துக் கண்ணால் அளந்து இதைச் செய்யும் திறமை, இத்தொழில் வரலாற்றில் ஆலைகளுக்குத் தரப்படும் இடத்துக்குச் சமமான இடத்தைப் பெறத் தகுந்தது.

ஆனால் இந்நாட்டில் மோட்டார் சைக்கிள் ஒருவர் வண்டியாக இருந்ததில்லை. புடவை கட்டிய பெண் பின்னே ஒருபக்கமாக அமர்ந்து செல்வது வழக்கமாதலால், பின்னிருப்பவரின் ஆடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பும், கைப்பிடியும், கால் வைக்கும் இடமும் வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி வகுத்தது. சாரி கார்டு என்று எல்லோரும் அழைப்பது அத்தடுப்பையே. ஓட்டுபவருக்காக இருக்கை முழுவதையும் உயர்த்தினால் ஒருபக்கமாக அமர்பவரின் கால் அதை வைக்கும் இடத்தை எட்டாமல் தொங்கும். படியைச் சமப்படுத்தி ஓட்டுபவர் பின்னே நகர்ந்தால் பின்னிருப்பவரின் இடம் குறுகும். ஒருவரின் வசதி மற்றொருவரின் இடத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்பதால், வீட்டுக்கு ஒரே வண்டி இருந்த குடும்பங்களில் நெடியவர்கள் பலர் முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

ஹேண்டில்பாரை உயர்த்துவது அடுத்த வழி. அதன் பிடிக்கட்டைக்கு அடியில் உலோகத் துண்டு வைத்து ஏற்றும்போது, கிளட்ச் கேபிளும் ஆக்சிலரேட்டர் கேபிளும் நீளம் போதாமல் இழுபட்டால், வண்டியைத் திருப்புகையில் எஞ்சின் வேகம் தானாகக் கூடும் ஆபத்து உண்டு. கால்மிதியைக் கீழே இறக்குவது இதைவிடச் சிக்கலானது. வளைவில் வண்டி சாயும்போது அது தரையில் உரசும், பிரேக் மிதியையும் கியர் மிதியையும் கூடவே இறக்க வேண்டும். கியர் வலப்பக்கமும் பிரேக் இடப்பக்கமும் இருந்த பழைய புல்லட்டில் இரண்டின் இணைப்புத் தண்டுகளையும் கைவைக்காமல் இது இயலாது. இத்தொல்லைகளைத் தவிர்க்க, கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெடுந்தூரம் செல்வோர் முன்னாலுள்ள லெக் கார்டின் மேல் காலை நீட்டிக்கொள்கிறார்கள். முழங்காலுக்கு அது இதம் தரினும், பிரேக் மிதியிலிருந்து கால் வெகுதூரம் விலகிவிடுவதால், மாடும் மனிதரும் குறுக்கிடும் ஊர்ச்சாலைகளில் அது தகாத பழக்கமே.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019-இல் இதை வலியுறுத்திய பின், சட்டகத்தில் கைவைக்கும் மாற்றங்களுக்கு இடமில்லாமல் போயிற்று. பொறுப்பு ஆலைகளின் பக்கம் திரும்பியது. 2013-இல் ஒரகடத்திலும் பின்னர் வல்லம் வடகாலிலும் ஆலை அமைத்த ராயல் என்ஃபீல்டு, 2020-இல் கொணர்ந்த மீட்டியார் 350-இல் இருக்கையை 765 மி.மீ. உயரத்துக்குத் தாழ்த்தியும் கால்மிதியை முன்னே தள்ளியும் வைத்தது. தாழ்ந்த இருக்கையிலும் நீண்ட கால் மடங்காமல் இருக்க முடியும் என்பதை அவ்வண்டி மெய்ப்பித்தது, ஆனால் கால் முன்னே நீளும்போது சாலைக் குழியின் அதிர்ச்சி முழுவதையும் முதுகெலும்பு வாங்கிக்கொள்கிறது. 2023-இல் வந்த ஹிமாலயன் 450-இல் இருக்கையை 825 மி.மீ.-இலிருந்து 845 மி.மீ.-க்கு உரிமையாளரே மாற்றிக்கொள்ளலாம். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் கைவினைஞர் கத்தியாலும் ஃபோமாலும் செய்துவந்த வேலையின் ஒரு பகுதியை ஆலை இவ்வாறு ஏற்றுக்கொண்டது. வின்சென்ட் 1946-இலேயே நகர்த்திக் காட்டிய கால்மிதியோ ஹிமாலயனிலும் சட்டகத்தில் ஒரே இடத்தில்தான் பொருத்தப்பட்டு வருகிறது.