ஹெரால்டின் முன்சக்கரம் மடங்கியது ஏன்? கொங்கு நாட்டு மசகு வழக்கம் குறித்து ஒரு மறுவாசிப்பு

ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் பற்றிப் பழைய கார்ப் பிரியர்களிடையே ஒரு தீர்ப்பு நிலைத்துவிட்டது. இங்கிலாந்துச் சாலைக்குச் செய்த வண்டி, நம் ஊர்க் குண்டு குழிக்குத் தாங்கவில்லை, அதனால்தான் முன்சக்கரம் மடங்கி விழுந்தது என்பது அது. கேட்பதற்குப் பொருத்தமாக இருப்பதால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. முறிந்து விழுந்த பாகத்தையும், அதற்கு இடப்பட்ட மசகையும் சேர்த்துப் பார்த்தால் இந்தத் தீர்ப்பு நிற்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மசகின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கட்டை வண்டிக் காலத்தில் கடையாணியைக் கழற்றி, சக்கரத்தை நகர்த்தி, இருசில் மை தடவினார்கள். எரித்த வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்தால் வண்டி மை. அதற்கு மூலமான ஆமணக்கு கொங்கு நாட்டுப் புன்செயில் விளைந்ததுதான். 1920இல் கோவைத் தொழிலதிபர் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கியபோது உலகின் மோட்டார்ப் பட்டறைகளில் சுண்ணாம்புச் சோப்பு கிரீஸ் ஏற்கெனவே பழகிப்போயிருந்தது. அது தண்ணீருக்கு அசையாது, சூட்டுக்கு இளகிவிடும். சூடேறும் சக்கர பேரிங்குக்குச் சோடா கிரீஸ் தேவைப்பட்டது. அது சூட்டைத் தாங்கும். தண்ணீர் பட்டால் கரையும். ஆக ஒரே வண்டிக்கு இரண்டு டப்பா.

1940களில் வந்த லித்தியம் கிரீஸ் அந்த இரண்டு டப்பாவை ஒன்றாக்கியது. தண்ணீரையும் தாங்கும், உருகுநிலையும் ஏறத்தாழ 190 பாகை செல்சியஸ். அதன் சோப்புக்கு வேண்டிய கொழுப்பு அமிலம் இன்றும் ஆமணக்கெண்ணெயிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. இதைக் காட்டி, பாட்டன் தடவிய மைதான் இன்றைய கிரீஸ் என்று பெருமைப்படுவோர் உண்டு. மூலப்பொருள் ஒன்று, வழிவழியாக வந்த அறிவு ஒன்றல்ல. நடுவே சுண்ணாம்பு கிரீஸ் ஆண்ட நீண்ட இடைவெளி கிடக்கிறது.

லித்தியம் கிரீஸால் விளைந்த பழக்கம்தான் நமக்கு முக்கியம். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரித் தொழில் வளர்ந்த காலத்தில், நிப்பிள் இருக்கும் இடமெல்லாம் கிரீஸ் கன்னை வைத்து அடி, பழைய கிரீஸ் பிதுங்கி வரும்வரை அடி என்பதே சர்வீஸின் இலக்கணமாயிற்று. லாரியின் கிங் பின்னுக்கும் ஷேக்கிள் பின்னுக்கும் இது சரி. மாரிஸ் மைனரின் முன்சக்கர ஸ்விவல் பின்னுக்கும் சரி. ஹெரால்டுக்குத்தான் சரியில்லை.

சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961இல் தயாரிக்கத் தொடங்கிய ஹெரால்டு, இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டின் உள்நாட்டு வடிவம். முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டப்பட்டிருக்கும். அது ட்ரன்னியன் என்ற பித்தளை நிறத் தாங்கிக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரை சிறிது ஏறும், சிறிது இறங்கும். இடப்பக்கத்துக்கு ஒரு மரை, வலப்பக்கத்துக்கு எதிர் மரை.

ட்ரையம்ப் கையேட்டின் மசகு அட்டவணையை நிதானமாகப் படித்தவர்கள் குறைவு. பல இணைப்புகளுக்குக் கிரீஸ் என்று சொல்லும் அதே அட்டவணை, கீழ் ஸ்விவலுக்கு, அதாவது இந்த ட்ரன்னியன் இணைப்புக்கு மட்டும், 90ஆம் எண் ஹைப்பாய்டு கியர் ஆயில் என்கிறது. அங்கே நிரந்தர நிப்பிள் கிடையாது, ஒரு பிளக்தான். பிளக்கைக் கழற்றி, தற்காலிகமாக ஒரு நிப்பிளைப் பூட்டி, எண்ணெய் நிரப்பிய கன்னால் மேலே கசியும்வரை செலுத்திவிட்டு, மறுபடியும் பிளக்கைப் போட வேண்டும். இங்கே நிரந்தர நிப்பிள் வைக்காமல் ஏன் பிளக் வைத்தார்கள்? செலவைக் குறைக்க என்று சொல்லலாம். ஒரு நிப்பிளின் விலையில் எவ்வளவு மிச்சம்? கிரீஸ் கன்காரரின் கை பழக்கத்தில் அங்கே போய்விடக் கூடாது என்பதற்காகவே அது வைக்கப்பட்டது என்று கொள்வதே பொருந்துகிறது. நேரடிச் சான்று இல்லாததால் இதை ஊகமென்றே எழுத வேண்டும்.

வேலை எளிதாகட்டும் என்று பட்டறைக்காரர் பிளக்கைத் தூக்கி எறிந்துவிட்டு நிப்பிளை நிரந்தரமாகப் பூட்டிய நாளில்தான் தவறு தொடங்கியிருக்க வேண்டும். கிரீஸ் எளிய வழியாக வெளியேறும். மரையின் இடுக்குகளில் பழைய கிரீஸ் இறுகி நிற்கும், அடியில் தண்ணீர் தேங்கும், எஃகு துருப்பிடிக்கும். எண்ணெயோ தானாக ஊர்ந்து இடுக்குக்குள் இறங்கும். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் ஸ்டீயரிங் கிட்டத்தட்ட முழுக்கத் திரும்பும். இறுகிய மரை மீது அந்த முறுக்கு விழும்போது எது முறியும்?

பழைய தீர்ப்பு சறுக்குவது இங்கேதான். குழியைத் தாங்காத பலவீனமான உலோகம் என்று ட்ரன்னியனை அந்தத் தீர்ப்பு குறை சொல்கிறது. ஆனால் இத்தகைய முறிவில் உடைவது பெரும்பாலும் ட்ரன்னியன் அல்ல. அதற்குள் திருகியிருக்கும் எஃகுத் தண்டின் மரைப் பகுதி. குழிதான் காரணம் என்றால், நல்ல சாலை உள்ள இங்கிலாந்தில் இதே முறிவு பேசப்படவே கூடாது. அங்கும் பேசப்படுகிறது, அங்கும் முதல் கேள்வி, எண்ணெயா கிரீஸா என்பதுதான். 1972இல் ஹெரால்டு, கெஸல் என்ற புது மாடலாக மாறியபோது நிறுவனம் பின் அச்சை மாற்றியது, முன்பக்கத்தின் அடிப்படை அமைப்பை விட்டுவைத்தது. பணத்தட்டுப்பாடும் காரணமாக இருந்திருக்கலாம். ஆயினும் முன்பக்கம் நம் சாலைக்கு ஆகாது என்று தயாரித்தவர்கள் கருதியதற்கு இதில் தடயமில்லை.

மறுதரப்புக்கும் நியாயம் உண்டு. எண்ணெய் கசிந்துவிடும், அடிக்கடி நிரப்பாவிட்டால் காய்ந்துபோகும் மரையைவிடக் கிரீஸே மேல் என்பார் சிலர். 00 தரத்து இளகிய கிரீஸை நடுவழியாகச் சொல்வோரும் உண்டு. ஏற்கெனவே துருவேறிய தண்டை எந்த எண்ணெயும் காப்பாற்றாது. அதைக் கழற்றிப் பார்த்து மாற்றுவதே வழி.

கோவையில் இன்று ஹெரால்டு வைத்திருப்பவருக்கு இவ்வளவு போதும்: கீழ் ட்ரன்னியனுக்கு 90 கியர் ஆயில், பித்தளை இனத்து உலோகமானதால் ஜி.எல்.5 தர எண்ணெயைவிட ஜி.எல்.4 தரம் பத்திரம். நிப்பிள் உள்ள மற்ற மூட்டுகளுக்கு 2ஆம் எண் லித்தியம் கிரீஸ். ஸ்டீயரிங் ரேக்குக்கு மிகையாக அடித்தால் ரப்பர் உறை பிதுங்கும். ரப்பர் புஷ்ஷில் சாதாரண கிரீஸ் படவே கூடாது.

பிளக் போய் நிப்பிள் வந்தது 1960களிலா, கெஸல் காலத்திலா என்பது மட்டும் தீராமல் நிற்கிறது. அந்தக் காலத்து சர்வீஸ் அட்டையோ பட்டறை நோட்டோ யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால், பழைய பேப்பர்க்காரருக்குப் போடும் முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கீழ் ஸ்விவலுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்பதே வேண்டிய செய்தி.