கல்யாணத்துக்குச் சாட்சி

சிவகாசியில் தெரிந்த பெண்ணொருத்தி, வெளிநாட்டுக் கணவனிடம் போவதற்கான விசா நேர்காணலுக்குக் கல்யாண ஆல்பத்தை அடுக்கிக்கொண்டிருந்தாள். "அவரு எந்தப் பக்கம் படுப்பாருன்னுகூடக் கேப்பாங்களாம்ண்ணே" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1913இல் தென்னாப்பிரிக்காவில் நீதிபதி சியர்ல், கிறித்தவ முறைப்படி நடக்காத, பதிவும் செய்யாத திருமணங்கள் செல்லாது என்றார். கணவனிடம் கப்பலேறிப் போன பாய் மரியத்துக்கு நுழைவு இல்லை. போராட்டத்துக்குப் பின் 1914இல் சட்டம் இறங்கிவந்தது, ஒரே ஒரு மனைவிக்கு மட்டும்.

கடல் தாண்டுவானேன்? 1928இல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் புரோகிதரில்லாமல் முதல் சுயமரியாதைத் திருமணத்தை நடத்திவைத்தார். ஊரறிய நடந்த கல்யாணம்தான். ஆனால் அம்முறையே செல்லாதென்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம், தெய்வானை ஆச்சி வழக்கில் சொன்னது. அண்ணா ஆட்சியின் 1967ஆம் ஆண்டுச் சட்டம்தான் பழைய திருமணங்களையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. புரோகிதரை எழுப்பிவிட்ட மணையில் அதிகாரி உட்கார்ந்துகொண்டார் என்றே எனக்குப் படுகிறது.

அந்தப் பெண்ணின் பாட்டிக்கும் சுயமரியாதைத் திருமணம்தானாம். போட்டோ ஒண்ணுகூடக் கிடையாது.