பூங்கா ஒலிபெருக்கியிலிருந்து காதுக்குள் வந்த பாடம்

மணலி புதுநகரிலிருந்து பாரிமுனைக்குப் பேருந்து ஏறும் கல்லூரி மாணவர்களைப் பார்த்திருப்பீர்கள். உட்கார இடம் கிடைக்கிறதோ இல்லையோ, காதில் இயர்போன் ஏறிவிடும். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால் பயணம் எப்போது முடியும் என்று ஓட்டுநருக்கே தெரியாது. அத்தனை நேரமும் பெரும்பாலும் சினிமாப் பாட்டுதான். தப்பில்லை. ஆனால் அதே இயர்போனில் பொருளாதாரமும் சமூகவியலும் வரலாறும் காசில்லாமல் கேட்கலாம். இப்படிக் கேட்டே பாடம் படிப்பது ஏதோ இன்டர்நெட் வந்த பிறகு பிறந்த வழக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். வடசென்னையைப் பொறுத்தவரை இதற்கு நூறு வருடக் கதை இருக்கிறது.

1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவர் சென்னை மாகாண வானொலி சங்கத்தைத் தொடங்கினார். பணமில்லாமல் 1927-ல் அது நின்றுபோனது. சங்கத்தின் ஒலிபரப்புக் கருவி சென்னை மாநகராட்சியின் கைக்கு வந்தது. 1930 ஏப்ரல் 1-ம் தேதி மாநகராட்சியே வானொலி நடத்த ஆரம்பித்தது. (குப்பை அள்ளும், தண்ணீர் விடும் அதே மாநகராட்சிதான்!) பள்ளி நாட்களில் மாலை 4 மணியிலிருந்து 4.30 வரை மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதையும் இசைப் பாடமும் ஒலிபரப்பானது. பெரியவர்கள் கேட்க மெரினாவிலும் சில பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். அவற்றில் ஒன்று ராயபுரம் பக்கத்து ராபின்சன் பூங்கா. பிற்பாடு 1949-ல் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்ததே, அதே பூங்காதான்.

அன்றைக்கு வீட்டில் ரேடியோ வாங்குவது பணக்காரர் சமாச்சாரம். பெட்டி வாங்கினால் மட்டும் போதாது, வருடா வருடம் லைசென்ஸ் கட்டணமும் கட்ட வேண்டும். அந்த லைசென்ஸ் முறை 1980-களில்தான் ஒழிந்தது. பூங்கா ஒலிபெருக்கிக்கு முன்னால் உட்கார்ந்த துறைமுகக் கூலிக்காரரிடம் யாரும் லைசென்ஸ் கேட்கவில்லை. 'இலவச ஒலிப்பாடம்' என்று இன்று சொல்வதற்கு இதைவிடப் பழைய உதாரணம் இந்த ஊரில் கிடைப்பது கடினம். 1938 ஜூன் 16-ம் தேதி அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியதும் மாநகராட்சி வானொலி முடிவுக்கு வந்தது.

ஆனால் ஒலிபெருக்கி வருவதற்கு முன்பே இங்குள்ள தொழிலாளர்கள் காதால் சமூக அறிவியல் படித்திருக்கிறார்கள். 1918 ஏப்ரல் 27-ம் தேதி பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். தலைவர் பி.பி. வாடியா ஒரு பார்சி, பம்பாய்க்காரர். அவர் ஆங்கிலத்தில் பேசுவார், அது உடனுக்குடன் தமிழில் சொல்லப்படும். கூலி எப்படி நிர்ணயமாகிறது, சாப்பாட்டு இடைவேளை ஏன் போதவில்லை, லாபம் யாருக்குப் போகிறது என்றெல்லாம் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நின்றபடியே கேட்டார்கள். பி.காம் முதல் வருடத்தில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யும் விஷயங்களை அவர்கள் தங்கள் சம்பளத்தோடு வைத்துப் பார்த்தார்கள். கேட்டு முடித்ததும் தங்களுக்குள் விவாதிக்கவும் செய்தார்கள். டீக்கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் ஒருவர் பேப்பர் படிக்க நாலு பேர் கேட்டு வாதாடும் பழக்கமும் இதே வகைதான்.

அந்த விவாதம் முக்கியமா, இல்லை கேட்டாலே போதுமா? இதை ஒரு சமூக அறிவியல் ஆய்வாகவே நம் நாட்டில் நடத்திப் பார்த்துவிட்டார்கள். 1956-ல் புனே வானொலி நிலையம், யுனெஸ்கோ உதவியுடன், சுமார் 150 கிராமங்களில் கேட்போர் குழுக்களை அமைத்தது. கனடாவில் விவசாயிகளுக்காக 1941-ல் தொடங்கிய வானொலி மன்றம்தான் முன்மாதிரி. ஒரு குழுவில் இருபது பேர் போல. வாரம் இரண்டு முறை அரை மணி நேர நிகழ்ச்சி, மொத்தம் 20 நிகழ்ச்சிகள். கேட்டு முடித்ததும் கலைந்து போகக் கூடாது, உட்கார்ந்து பேச வேண்டும். டாடா சமூக அறிவியல் கழகத்துக்காக பால் நியூராத் இதை மதிப்பிட்டார். குழு உள்ள கிராமங்களையும், ரேடியோ இருந்தும் குழு இல்லாத கிராமங்களையும், இரண்டுமே இல்லாத கிராமங்களையும் ஒப்பிட்டார். குழுவாகக் கேட்டுப் பேசியவர்களின் அறிவு நன்றாகவே கூடியிருந்தது. வெறும் ரேடியோ இருந்த கிராமங்களில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. பெட்டி ஒன்றுதான், நிகழ்ச்சியும் ஒன்றுதான். பக்கத்தில் பேச ஆள் இருந்ததுதான் வித்தியாசம்.

தமிழ்நாட்டிலும் ஒரு நல்ல உதாரணம் உண்டு. 1960-களின் பிற்பகுதியில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் தஞ்சைப் பக்கம் பரவியபோது விவசாயிகள் அதற்கு வைத்த பெயர் 'ரேடியோ நெல்'. திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சியில் கேட்டு, வரப்பில் பேசி, பிறகு விதைத்த நெல் அது.

அதற்குப் பிறகு வந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் பாடங்களை கேசட்டில் கொடுத்தன. 2001-ல் ஞானவாணி என்ற கல்வி வானொலி தொடங்கியது. 2004 பிப்ரவரி 1-ம் தேதி கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். வந்தது. நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலி அது. பெருமைதான், ஆனால் சமுதாய வானொலியின் அலை பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் போகும். கிண்டிக்கும் மணலி புதுநகருக்கும் நேர்க்கோட்டிலேயே சுமார் 20 கிலோமீட்டர்!

அந்தத் தூரத்தை ஒழித்தது எம்பி3. 2005-ல் ஹியூ மெக்குவயர் என்ற கனடாக்காரர் லிப்ரிவாக்ஸைத் தொடங்கினார். காப்புரிமை முடிந்த புத்தகங்களைத் தன்னார்வலர்கள் படித்துப் பதிவு செய்கிறார்கள், யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆடம் ஸ்மித் 1776-ல் எழுதிய 'நாடுகளின் செல்வம்' முழுவதும் அங்கே இருக்கிறது. பத்துப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டு ஒரு நாளில் 48,000 குண்டூசி செய்த அந்தப் புகழ்பெற்ற கணக்கு முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடும். மணலி தொழிற்சாலைகளைத் தாண்டிப் போகும் பேருந்தில் அதைக் கேட்பதும் ஒரு பொருத்தம்தான். 2007-ல் யேல் பல்கலைக்கழகம் தன் வகுப்பறை விரிவுரைகளை இலவசமாக வெளியிடத் தொடங்கியது. நிதிச் சந்தை பற்றி ராபர்ட் ஷில்லர் நடத்திய வகுப்புகள் வணிகவியல் மாணவர்கள் தவறவிடக் கூடாதவை. பி.பி.சி. 1948 முதல் நடத்திவரும் ரீத் சொற்பொழிவுகளின் பழைய ஒலிப்பதிவுகளை 2011-ல் இணையத்தில் திறந்துவிட்டது.

எல்லாம் ஆங்கிலம். சிக்கல் அங்கேதான். வாடியா பேசியபோது பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல ஒருவர் இருந்தார், ஷில்லருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. பூங்காவில் பக்கத்து பெஞ்சுக்காரரிடம் 'என்னப்பா சொல்றாங்க' என்று கேட்கலாம், இயர்போனில் அதுவும் முடியாது. தமிழ்வழியில் பள்ளி முடித்துவிட்டு வணிகவியலில் சேர்ந்த மாணவர் பத்து நிமிடம் முயன்றுவிட்டுப் பாட்டுக்குத் திரும்பினால் அவரைச் சோம்பேறி என்று சொல்வது நியாயமில்லை.

தமிழில் பதிவு செய்யப் புத்தகம் இல்லாமலும் இல்லை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் முடிந்தால் காப்புரிமை போய்விடும். சிங்காரவேலர் இறந்தது 1946-ல், திரு.வி.க. இறந்தது 1953-ல். சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் கதையை உள்ளே இருந்து பார்த்தவராக எழுதிய திரு.வி.க.வின் 'வாழ்க்கைக் குறிப்புகள்' புத்தகத்தை யார் வேண்டுமானாலும் வாய்விட்டுப் படித்து ஒலிக்கோப்பாக்கி இணையத்தில் போடலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஒரு செல்போனும், லாரி சத்தம் கேட்காத ஓர் அறையும் போதும். மணலி புதுநகரில் இரண்டாவதுதான் கொஞ்சம் கஷ்டம்.