காயத்தோடு மலைக்குப் போகிறவர்கள்: டாவோஸிலிருந்து ஏ9 வீதி வரை

ஏ9 வீதி என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருவது ஓமந்தை, கிளிநொச்சி, ஆனையிறவு, முகமாலை. 2002இல் யுத்தநிறுத்தத்தோடு திறந்து, 2006 ஓகஸ்டில் மறுபடி மூடிய வீதி அது. ஆனால் அதன் தொடக்கம் கண்டியில். கண்டி நகரிலிருந்து கட்டுகஸ்தோட்டையைத் தாண்டி ஏறத்தாழ 10 கிலோமீற்றர் வந்தால் அக்குறணை. அதற்கப்பால் அலவத்துகொடை, மாத்தளை, தம்புள்ளை, வவுனியா. ஏப்ரல், ஓகஸ்ட் விடுமுறைகளில் வடக்கிலிருந்து வரும் வான்கள் இந்த ஊர்க் கடைவீதியை ஊர்ந்து கடந்துதான் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் போகின்றன. குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். செயற்கைக் காலோடு, அல்லது கட்டுப்போட்ட கையோடு, தனியாக ஒருவர் ஓய்வெடுக்க வருவதைக் காண்பது அரிது.

காயப்பட்டவர் போக வேண்டிய இடங்கள் என்று நம் சமூகம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது: வைத்தியசாலை, கோயில், பிரதேச செயலகம், கொடுப்பனவு தரும் வங்கி. விடுமுறை அதில் இல்லை. புலம்பெயர்ந்த நாட்டில் ஒருவர் முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து தனியாகப் பனிமலை விடுதிக்குப் போனார் என்றால், 'வேலைக்குப் போக முடியாதவருக்கு உல்லாசம் கேட்குதோ' என்றுதான் முதலில் பேச்சு வரும். பனிச்சறுக்கு ஊர்கள் எப்படி உருவாகின என்று பார்த்தால் அந்தப் பேச்சு எவ்வளவு பிழை என்பது தெரியும்.

சுவிற்சர்லாந்தின் டாவோஸை எடுத்துக்கொள்வோம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,560 மீற்றர் உயரம். இன்று அது பணக்காரர்களின் மாநாட்டுக்கும் பனிச்சறுக்குக்கும் பேர்பெற்ற ஊர். அதை வெளியுலகுக்குக் காட்டியவர் ஓர் அகதி. அலெக்சாண்டர் ஸ்பெங்லர் ஜேர்மனியின் மன்ஹைமில் பிறந்தவர், சட்டம் படித்துக்கொண்டிருந்தவர். 1849இல் பாடன் புரட்சியில் சேர்ந்து, அது தோற்றதும் சுவிற்சர்லாந்துக்குத் தப்பி வந்தார். சூரிச்சில் மருத்துவம் படித்து, 1853இல் டாவோஸுக்கு வைத்தியராகப் போனார். வேறு யாரும் விரும்பிப் போகாத குளிர்ப் பள்ளத்தாக்கு அது. அங்குள்ளவர்களிடம் காசநோய் அரிதாக இருப்பதை அவர் கவனித்தார். 1865 குளிர்காலத்தில் முதல் நோயாளிகள் வந்தார்கள். வெயிலில் சாய்கதிரையில் படுத்திருப்பது, நல்ல சாப்பாடு, அளவான நடை, அவ்வளவுதான் சிகிச்சை. ஊர் வளர்ந்தது அதைக்கொண்டுதான்.

பனிச்சறுக்கு பின்னால் வந்தது. ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டொயில் காசநோயுற்ற மனைவியோடு டாவோஸில் தங்கியிருந்தார். 1894 மார்ச்சில் உள்ளூர்ச் சகோதரர் இருவரின் துணையோடு மலையைத் தாண்டி அரோசாவுக்குப் பனிச்சறுக்கில் போனார். அதை அவர் எழுதியது ஆங்கிலேயரிடையே அந்த விளையாட்டைப் பரப்ப உதவியது. 1934இல் சறுக்குபவர்களை மேலே இழுத்துச் செல்லும் கொக்கி இழுவையும் டாவோஸில் வந்தது. நோயாளிகளின் ஊர் விளையாட்டு ஊரான கதை இது.

காயப்பட்டவர்களின் கதை ஒஸ்ரியாவில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அங்கும் ஜேர்மனியிலும் கால் இழந்து திரும்பிய இளைஞர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். பலர் மலைக் கிராமத்துப் பிள்ளைகள். நடக்கப் பழகிய வயதிலேயே சறுக்கவும் பழகியவர்கள். அவர்களில் செப் ஸ்விக்னாகல் கைக்குண்டு வெடித்து இரு கால்களையும் இழந்தவர். செயற்கைக் கால்களில் சறுக்குப் பலகையைப் பூட்டிச் சரிவில் இறங்கிப் பார்த்தார். ஒற்றைக் கால் உள்ளவர்கள் வேறு வழி கண்டார்கள்: ஒரு காலில் ஒரு பலகை, இரண்டு கைகளிலும் ஊன்றுகோல், அந்த ஊன்றுகோல்களின் அடியில் சின்னச் சின்னப் பலகை. பனியில் மூன்று கோடுகள் விழும். அதனால் 'முத்தடச் சறுக்கு' என்ற பொருளில் அதற்கு ஒரு பெயர் நிலைத்தது. 1948 பெப்ரவரியில் பாட்கஸ்டைனில் நடந்த முதல் போட்டியில் 17 பேர் கலந்துகொண்டார்கள். பாட்கஸ்டைன் வெந்நீர் ஊற்றுக்காக நோயாளிகள் தேடிப்போகும் பழைய ஊர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

முதலாவது குளிர்காலப் பராலிம்பிக் 1976இல் சுவீடனின் ஊர்ன்ஷோல்ட்ஸ்விக் நகரில் நடந்தது. 16 நாடுகள் கலந்துகொண்டன. அமெரிக்காவின் கொலராடோவில் வின்ரர் பார்க் என்ற பனிமலை ஊரில் 1970இல் கால் துண்டிக்கப்பட்ட 23 பிள்ளைகளுக்கு ஹால் ஓலீரி சறுக்கச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். 1987 முதல் கொலராடோவில் போரில் காயப்பட்ட படையினருக்காக ஆண்டுதோறும் பனிவிளையாட்டு முகாம் நடக்கிறது. அரசுகள் தம் படையினருக்குச் செய்வதை, காயப்பட்ட குடிமக்களுக்குச் செய்வது குறைவு. நம் விடயத்தில் அந்தக் குறைவை விளக்கத் தேவையில்லை.

இலங்கையின் மலையும் இதே நோக்கில்தான் திறக்கப்பட்டது. 1820களின் பிற்பகுதியில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் நுவரெலியாவை நோயுற்ற ஆங்கிலேயர்கள் உடல் தேறும் இடமாக்கினார். அவர் கட்டிய வீடுதான் பின்னால் கிராண்ட் ஹோட்டலானது. 1847 அளவில் காட்டுக் காய்ச்சலில் நொடிந்துபோன சாமுவேல் பேக்கர் என்ற வேட்டைக்காரர் இரண்டு வாரம் அங்கே தங்கித் தேறினார். அடுத்த ஆண்டே குடும்பத்தையும் கால்நடைகளையும் கொண்டுவந்து குடியேறினார். இந்த மலைகளின் ஓய்வு வெள்ளையருக்கு. அதைச் சுற்றி எழுந்த தோட்டங்களின் உழைப்பு தமிழ்நாட்டிலிருந்து நடந்து வந்தவர்களுக்கு. மலையகத்துக்கு விடுமுறை போகும் வடபகுதித் தமிழர் இதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது.

நமக்கு மலை இருந்தது, காயமும் இருந்தது. நடப்பதற்கான காலும் கிடைத்தது. ஜெய்ப்பூரின் சவாய் மான்சிங் வைத்தியசாலையில் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் வைத்தியர் பி.கே. சேத்தியும் 1968 அளவில் உருவாக்கிய றப்பர் பாதம், 1987இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையத்தின் மூலம் கண்ணிவெடியிலும் செல்லிலும் கால் இழந்தவர்களைத் தேடி வந்தது. சப்பாத்தில்லாமல் வயலில் இறங்கலாம், குந்தியிருக்கலாம், மேடுபள்ளத்தில் பாதம் ஓரளவு வளைந்துகொடுக்கும். நடக்க வைத்தாயிற்று. எங்கே நடப்பது என்ற கேள்வியை மட்டும் எவரும் கேட்கவில்லை.

ஏன் தனியாக? உறவினர் துணையில்லாமல் அனுப்பப் பயப்படுவது அன்பினால்தான். ஆனால் காயப்பட்ட வீட்டில் அன்பு மெதுவாகக் காவலாக மாறிவிடும். 'பாத்து, விழுந்திடுவாய்' என்ற குரல் நாள் முழுக்கப் பின்னால் வரும். எப்போது நிற்பது, எவ்வளவு தூரம் போவது, எப்போது திரும்புவது என்று தானே முடிவு செய்யும் இரண்டு நாட்கள் எந்தச் சிகிச்சை அட்டையிலும் எழுதப்படுவதில்லை. பெண்களுக்கு இந்த அனுமதி இன்னும் கடினம் என்பதும் உண்மை.

அப்படிப் போக எண்ணுபவர்களுக்குச் சில விடயங்கள்.

ஐரோப்பாவில் இருப்பவர்கள் முதலில் காகிதத்தைச் சரிபார்க்க வேண்டும். சுவிற்சர்லாந்தில் ஒரே முதலாளியிடம் வாரத்துக்குக் குறைந்தது 8 மணித்தியாலம் வேலை செய்பவருக்கு வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் காப்புறுதி உண்டு; பனியில் விழுந்தாலும்தான். மூன்றாம் நாளிலிருந்து சம்பளத்தின் 80 வீதம் கிடைக்கும். ஆனால் விபத்து விடுப்பில் இருக்கும்போது ஊரை விட்டு விடுமுறைக்குப் போவதானால் வைத்தியரிடமும் காப்புறுதியிடமும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வேலை செய்ய முடியாத உடம்பு ஓய்வெடுக்க முடியாத உடம்பு அல்ல. மலைக்காற்று தேறுதலுக்கு உதவும் என்று வைத்தியர் ஒரு வரி எழுதினால் பின்னால் வரும் தலையிடி குறையும்.

பனிமலை ஊருக்குப் போகிறவர் சறுக்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. கேபிள் காரில் மேலே போய் வெயிலில் இருக்கலாம். சுவிஸில் குளிர்கால நடைபாதைகளுக்கு இளஞ்சிவப்பு வழிகாட்டிப் பலகைகள் உண்டு. அவை அழுத்திச் சீராக்கிய பாதைகள். ஊன்றுகோலின் நுனிக்குப் பனியில் குத்தி நிற்கும் ஆணி மூடி தனியாக விற்கும். விலை பெரிதல்ல, இல்லாமல் போகவே கூடாது. சறுக்குபவர்களுக்கு அதிகம் அடிபடுவது முழங்கால். அங்குள்ள சவ்வு அறுந்து சத்திரசிகிச்சை செய்தவர் மறுபடி சறுக்க ஒன்பது மாதமாவது ஆகும் என்பதே பொதுவான கணக்கு. மூன்றாம் மாதத்தில் வலி இல்லையென்று நம்பி இறங்குவது பிழை.

செயற்கைக் கால் போட்டவர் கவனிக்க வேண்டிய ஒன்றைப் பலர் சொல்வதில்லை. அந்தக் கால் ஒரு குறிப்பிட்ட சப்பாத்தின் குதி உயரத்துக்குத்தான் நேர்செய்யப்பட்டிருக்கும். வழமையான சப்பாத்தை விட்டுக் குதி உயர்ந்த பனிச் சப்பாத்தைப் போட்டால் முழங்கால் முன்னே தள்ளப்பட்டு, இறக்கத்தில் மடங்கிவிடும். ஏற்றத்தைவிட இறக்கமே ஆபத்து. மீதிக் கால் காலையில் ஓர் அளவு, மாலையில் ஓர் அளவு இருக்கும். காலுறை இரண்டு மூன்று கூடக் கொண்டுபோய் இடையில் மாற்றுங்கள். இரவில் கழுவித் துடைத்து, சிவந்த இடம் உண்டா என்று கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிவப்பு அரை மணித்தியாலத்தில் மறையாவிட்டால் அடுத்த நாள் நடை வேண்டாம்.

இன்னொன்று நமக்கே உரியது. உடலில் செல் துண்டு இருப்பவர்கள், வெளிநாட்டு வைத்தியசாலையில் காந்தப் படமான எம்ஆர்ஐ எடுக்க வரும்போது அதை முதலிலேயே சொல்ல வேண்டும். இரும்புத் துண்டு காந்தத்தில் அசையலாம். கண்ணருகே, முள்ளந்தண்டருகே இருந்தால் மிகவும் ஆபத்து. 'பழைய காயம்தானே, ஏன் சொல்வான்' என்று விட்டுவிடாதீர்கள். எங்கே, எப்போது, எப்படி என்று கேட்பார்கள் என்ற பயமே பலரைப் பேசவிடாமல் தடுக்கிறது. உடம்பில் உலோகம் உண்டு, இந்த இடத்தில் என்றால் அவர்களுக்குப் போதும்.

கண்டிப் பக்கம் வருகிறவர்களுக்கு இடம் தெரிவு செய்வது எளிது. பேராதனைத் தாவரவியல் பூங்கா ஏறத்தாழ 60 ஹெக்டேயர். பெரும்பகுதி சமதரை, நிழல் உண்டு. கண்டி வாவியைச் சுற்றியுள்ள பாதை மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகம், தட்டையானது. நுவரெலியாவில் கிரகரி வாவிக் கரை நல்லது. அங்கே ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் சில நாட்களில் புல்லில் உறைபனி படியும். பனிமலை என்று இந்த நாட்டில் காணக்கூடியது அதுதான். நானுஓயாவுக்குப் போகும் புகையிரதம் அழகுதான், ஆனால் பல நிலையங்களில் மேடை தாழ்வு, பெட்டிப் படி உயரம். முன்பதிவு செய்த ஆசனம் இருந்தாலும் ஏற ஒரு கை வேண்டும். கேட்கத் தயங்க வேண்டாம். மழைக்காலமென்றால் மண்சரிவால் பாதை மூடியிருக்கிறதா என்று புறப்பட முதல் விசாரியுங்கள். அவசரத்துக்கு 1990 இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

விடுதி ஒழுங்கு செய்யும்போது 'வசதி இருக்கா' என்று கேட்டால் எல்லோரும் 'இருக்கு' என்பார்கள். எத்தனை படி, கைபிடி உண்டா, கழிவறை உட்காரும் வகையா, குளியலறைத் தரை வழுக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். படம் அனுப்பச் சொல்லுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 1996இலேயே வந்தது. பொதுக் கட்டடங்களில் அணுகும் வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வந்தன. மூன்று ஆண்டு அவகாசமும் கொடுக்கப்பட்டது. அஜித் பெரேரா தொடுத்த வழக்கில் 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றமும் கட்டளையிட்டது. 2016இல் இலங்கை ஏற்று உறுதிசெய்த ஐ.நா. சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை ஓய்வையும் பொழுதுபோக்கையும் விளையாட்டையும் உரிமையாகவே சொல்கிறது. ஆனாலும் விடுதி வாசலில் நான்கு படிகள் அப்படியே இருக்கும். இல்லாத வசதியை இருக்கென்று சொன்னவரிடம் இந்தச் சட்டத்தைப் பேர் சொல்லிக் கேட்பது தவறல்ல.

மொழிப் பயம் பலரைத் தனியாக வரவிடாமல் செய்கிறது. அக்குறணை தமிழ் பேசும் ஊர், பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். சாப்பாட்டுக் கடையில், மருந்துக் கடையில், முச்சக்கரவண்டியில் தமிழே போதும். 2018 மார்ச் வன்முறை திகனையிலிருந்து பரவி இந்த ஊரையும் எரித்தது. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதை இங்கே யாரும் மறக்கவில்லை. வருகிறவரிடம் அதைக் கணக்குக் கேட்பதுமில்லை. பெருமழையில் பிங்கா ஓயா பெருகிக் கடைவீதியில் தண்ணீர் ஏறும். வானம் கறுத்திருந்தால் அன்று இறங்காமல் கண்டிக்கே போய்விடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வரும் பஸ்ஸில் ஏறும்போதே நடத்துநரிடம் சொல்லிவைத்து, முன் ஆசனத்தில் இருந்து வாருங்கள். அலவத்துகொடை தாண்டியதும் எழுந்து நிற்க வேண்டாம்; வளைவுகள் அதிகம். பஸ் முழுதாக நின்ற பிறகு, இறங்கும்போது முதலில் செயற்கைக் காலைத் தரையில் வைத்து, பிறகு நல்ல காலை இறக்குங்கள்.