குடிப்பவரிடம் பேசும் முறை: ஒரு சிறு வரலாறு

காத்திவாக்கம் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணையும்வரை தனி நகராட்சியாக இருந்த ஊர். சுற்றிலும் லாரித் தொழிற்சாலை, அனல்மின் நிலையம், துறைமுகம். ஷிப்டு வேலையில் உழலும் குடும்பங்கள். 2003 இறுதியில் டாஸ்மாக் சில்லறை விற்பனையில் இறங்கியபின் மது தெருமுனைக்கே வந்துவிட்டது. நம் வீடுகளும் தப்பவில்லை. நாம் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். ஹராம் என்று அறிந்தே குடிப்பவரிடம் அதையே மீண்டும் மீண்டும் சொல்கிறோம். அவரோ ஜும்ஆவுக்கு வருவதையும் நிறுத்திவிடுகிறார்.

மதீனாவில் மதுவிலக்கு ஒரே நாளில் வரவில்லை. தீமையே மிகுதி என்ற அறிவிப்பு முதலில். போதையில் தொழுகையை நெருங்கத் தடை பின்னர். முழுத் தடை இறுதியில். அதன்பிறகும் ஒரு நபித்தோழர் குடித்துவிட்டுப் பலமுறை தண்டனை பெற்றார். ஒருவர் அவரைச் சபித்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று கூறியது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. தண்டனை பெற்றவரை அவர்கள் சமூகத்திலிருந்து தள்ளிவிடவில்லை.

கடந்த நூற்றாண்டில் அமெரிக்கச் சிகிச்சை மையங்கள் பலவற்றில் குடிநோயாளியை இடித்துரைத்து அவரது மறுப்பை உடைப்பதே வழக்கம். வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1982இல் நார்வேயில் இளம் உளவியலாளர்களுக்குத் தம் முறையைச் செய்துகாட்டினார். ஏன் இந்தக் கேள்வி, ஏன் இப்போது என்று அவர்கள் இடைமறித்துக்கொண்டே இருந்தார்கள். விடை சொல்லச் சொல்லத்தான் தம் முறையின் இலக்கணம் அவருக்கே தெளிவானது. 1983இல் கட்டுரையாகவும், 1991இல் ஸ்டீபன் ரோல்னிக்குடன் நூலாகவும் அது வந்தது. மோட்டிவேஷனல் இன்டர்வியூவிங் என்பது அதன் பெயர். ஆலோசகர் எந்த அளவுக்கு மோதினாரோ, ஓராண்டு கழித்து அந்த அளவுக்குக் குடி மிகுந்திருந்ததாக 1993இல் வெளியான மில்லர் குழுவினரின் ஆய்வு காட்டியது.

குடிப்பவருக்கு விடவும் மனம், தொடரவும் மனம். நாம் 'விடு' என்றால் அவர் வாய் தொடர்வதற்கான நியாயத்தையே பேசும். ஆகவே ஆலோசகர் கேட்கிறார்: குடியை விடுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம், பத்துக்கு எத்தனை? "மூன்று" என்று பதில் வந்தால், ஏன் மூன்றுதானா என்று கடியாமல், ஏன் ஒன்று என்று சொல்லவில்லை என்கிறார். பிள்ளையின் படிப்பு, வாப்பாவின் முகம், விட்டுப்போன தொழுகை என்று காரணங்கள் அவர் வாயிலிருந்தே வருகின்றன.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கியபோதே குடியை நோயாகக் கருதி, குடும்பத்தாரையும் சிகிச்சையில் சேர்த்தார். அது இந்திரா நகரில் உள்ளது. நமக்கு அருகில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். அவர் விட இசைந்த அன்றே அங்கே அழைத்துச் செல்ல வேண்டும்.