ரசிகர் தீர்த்த கடன்

கலைஞன் ஒருவனின் பெருமையை அவன் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு அளத்தல் தகுமா? 1960-களின் இறுதியில், ஜாஸ் இசையின் கற்பனை விரிவும் ராக் இசையின் மின்னொலி வேகமும் இணைந்து ஜாஸ்-ராக் என்னும் புதுநெறி வளர்ந்தது. மைல்ஸ் டேவிஸ் முதலியோர் அதனால் பெரும்புகழ் எய்தினர். அந்நெறியில் அருஞ்செயல் புரிந்தும் பொதுமக்கள் அறியாதிருந்தவர் ஆலன் ஹோல்ட்ஸ்வொர்த்.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் 1946-இல் பிறந்த அவர் விரும்பியது சாக்ஸபோன்; வாய்த்ததோ கிட்டார். ஆகவே, மீட்டும் ஓசை தோன்றாமல், ஒரே மூச்சில் ஊதினாற்போல் சுரங்கள் இழையும் வாசிப்பை வகுத்துக் கொண்டார். நாகசுரம் கேட்டுப் பழகிய நம் செவிக்கு அவ்விழைவு அயலாகத் தோன்றாது. 1975-இல் டோனி வில்லியம்ஸ் குழுவிலும், 1977-இல் ழான்-லுக் போந்தியின் இசைத்தட்டிலும் வாசித்தார். கிட்டார் வல்லுநர் வியந்து போற்றினர். பொருள் மட்டும் சேரவில்லை.

2017 ஏப்ரல் 15-இல் அவர் மறைந்தார். ஈமச் செலவுக்கென ரசிகர்கள் சில நாட்களிலேயே ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரட்டி அளித்தனர்.

நாம் குடியேறி வாழும் ஊர்களிலும் இத்தகைய கலைஞர் இருத்தல் கூடும். அவர்க்குரிய கடனை அவர் வாழும் நாளிலேயே செலுத்துவோமாக.